வராதவர்கள் வந்த கல்யாணங்கள்

டேப் இல்லாத கேமரா எங்கள் கோரைப்பட்டினத்துக்கு வந்தபோது, அதைக் கையில் வாங்கிப் பார்த்த நடுத்தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம், படம் எங்கே போய் உட்காரும் என்று. மர்ளியாவுக்கும் அது தெரியாது. சவூதியில் ஜுபைலில் இருந்து அவளுடைய தம்பி அபூசாலி கொடுத்தனுப்பிய அந்தக் கேமரா ஒரு பெரிய மாம்பழ அளவுதான் இருந்தது, அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கேசட் போடுகிற இடத்தைத் தேடி, கடைசியில் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தின் படங்களைப் பார்த்து, உள்ளுக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதில்தான் எல்லாம் பதிகிறது, அதற்கு ஹார்டு டிஸ்க் என்று பெயர் என்று எங்களுக்குச் சொன்னாள். ஒவ்வொருத்தியாகக் காதில் வைத்துக் கேட்டோம். தூங்குகிற குழந்தை மூச்சுவிடுகிற அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. அது போதும் என்று நாங்கள் அதை நம்பினோம்.

மர்ளியா எங்கள் ஊரில் பெண்கள் பக்கத்துக் கல்யாணங்களைப் படம் எடுக்கிறவள். ஆண்கள் பக்கத்துக்கு ஸ்டூடியோக்காரர்கள் வருவார்கள், விளக்குப் பிடிக்கிறவர்கள் வருவார்கள், திரைக்கு இந்தப் பக்கம், மணப்பெண்ணும் நாங்களும் இருக்கிற பக்கம், அவள் ஒருத்திதான். அவள் கணவர் ஜவாஹிர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு துறைமுகத்தில் காய்கறி வாங்க இறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை, காத்திருந்து பார்த்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது, அதற்குப் பிறகு அவரைப் பற்றி நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. அப்போது மகள் நுஸ்ரத்துக்குப் பதினோரு வயது. அந்த வருஷம்தான் மர்ளியா தூத்துக்குடிக்குப் போய் ஆறு வாரம் தங்கிக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தாள், வந்ததில் இருந்து எங்கள் எல்லோருடைய சிரிப்பையும் அழுகையையும் தலையில் பூ நழுவுவதையும் அவள்தான் எடுத்தாள்.

டேப்பில் எடுத்த காலத்தில் ஒரு கேசட் ஒரு மணி நேரம். அது முடிகிற நேரம் கல்யாணத்துக்குத் தெரியாது. கீழத்தெரு ஜமீமா கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அக்கா, எங்களுக்குத் தாலி மாதிரியான கருகமணியைக் கையில் எடுத்து நீட்டுகிறாள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், அதோடு படம் முடிந்துவிடும், அடுத்த கேசட்டில் கருகமணி ஏற்கெனவே கழுத்தில் கிடக்கும். ஜமீமாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் மர்ளியாவைக் கண்டால் கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பாள். அதனால் புதுக் கேமராவில் எட்டு மணி நேரமும் இடைவெளியில்லாமல் எடுக்கலாம் என்பதே எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

புதுக் கேமராவில் எடுத்த முதல் கல்யாணம் ஹாஜரா மகள் ரமீஸாவுடையது. ஹாஜரா மர்ளியாவுக்கு அடுத்த வீடு. அவள் கணவர் சுல்தான் தம்மாமில் கிரேன் ஓட்டுகிறவர், மகள் கல்யாணத்துக்கு நான்கு முறை லீவு கேட்டு நான்கு முறையும் கிடைக்காமல், போனில் அழுதுவிட்டு வைத்தவர். கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் எல்லோரும் ஹாஜரா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம், மர்ளியா கேமராவில் இருந்து ஒரு வயரை இழுத்து டிவியில் மாட்டினாள், படம் ஓடியது. கருகமணி கட்டுகிற நேரத்தில் கூடத்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு சுல்தான் நின்றார். நீலநிறக் கம்பெனி உடுப்பு, மஞ்சள் தொப்பி கக்கத்தில், முகமெல்லாம் புழுதி. மகளைப் பார்த்தார், எங்களில் யார் பக்கமும் கண்ணைத் திருப்பவில்லை, கருகமணி கழுத்தில் ஏறியதும் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து ஹாஜரா, புதுச் சட்டை ரெண்டு வாங்கி அனுப்பியிருந்தேனே, அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று மெதுவாக வருத்தப்பட்டாள்.

சாயங்காலம் அவர் போன் செய்தபோது சட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று அந்த நேரத்தில் கிரேன் மேலே இரும்பு தூக்கிக்கொண்டிருந்ததாகவும், ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டு மகளை நினைத்ததாகவும், அப்புறம் ராத்திரி கை கழுவுகிற வரைக்கும் விரலில் நெய்ச்சோறு வாசம் அடித்ததாகவும் சொன்னார். சாப்பிடாமலே வாசமா என்று ஹாஜரா கேட்டாள். சாப்பிடாமலேதான் என்று அவர் சொன்னார்.

பழைய கேமராவில் வராதது இதில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டவர்களுக்கு மர்ளியா ஒரே ஒரு பதில்தான் வைத்திருந்தாள். டேப்பில் வந்தவர்களுக்கே இடம் பத்தாது, இதில் இடம் நிறைய இருக்கிறது என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒருத்தராவது கடல் தாண்டி இருக்கிற ஊரில், அவர்களுக்கு உட்கார ஓர் இடம் கிடைத்ததே பெரிது என்று இருந்துவிட்டோம்.

அதற்கடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணின் இரண்டு மாமாக்கள் வந்தார்கள், ஒருவர் லாரி ஓட்டுகிற கையுறையோடு, இன்னொருவர் பாதி சவரம் செய்த முகத்தோடு. அதற்கும் அடுத்ததில் ரியாத் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவர், கையில் குளுக்கோஸ் ஊசி செருகியபடியே, பாட்டிலைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டு தங்கை பக்கத்தில் நின்றார். பினாங்கில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர் கையில் மாவோடு வந்தார். எந்த நேரத்தில் எந்தக் கோலத்தில் இருந்தார்களோ அந்தக் கோலத்தில் வந்தார்கள், கல்யாணத்தன்று நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை, மறுநாள் பாயில் உட்கார்ந்துதான் பார்த்தோம், பார்த்துவிட்டு, இளைத்துவிட்டார், நரைத்துவிட்டது, பல் ஒன்று போய்விட்டதே என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

பெண்கள் பக்கத்தில் ஆண்கள் வருகிறார்களே என்று ஜமாஅத்தில் பேச்சு வந்தது. நான்கு பேர் சேர்ந்து பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னார்கள். எங்கள் ஹஜ்ரத் எதற்கும் அவசரப்படாதவர். வந்தவர்கள் பார்வை எங்கே இருந்தது என்று கேட்டார். தரையில் இருந்தது, இல்லையென்றால் சொந்தப் பிள்ளையின் மேல் இருந்தது என்றார்கள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்தவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஊருக்குள் நுழைந்ததும் எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லாப் படத்திலும் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு எங்களுக்குத் தெரியவும் இல்லை. எங்கள் விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம், அதற்குச் சகன் என்று பெயர். அந்த மாதத்தில் இருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் வராதவர்களுக்கு என்று ஒரு சகன் தனியாக விரிப்பில் வைக்கத் தொடங்கினோம், நெய்ச்சோறும் களறிக்கறியும் கத்திரிக்காய்ப் பருப்பும் முதல் பந்தியின் சூட்டோடு. விருந்து முடிகிற வரைக்கும் அது யாரும் தொடாமல் இருக்கும், பிறகு மதரஸாப் பிள்ளைகளுக்குப் போகும். மறுநாள் படத்தில் பார்த்தால் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ஏழு பேர் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள்கூட, கறித்துண்டை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு. அந்த வாரம் முழுக்க வெளிநாட்டில் இருந்து வருகிற போன்களில் எல்லோரும் வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்னார்கள்.

வெளிநாட்டில் இருந்தவர்களும் மெல்லப் பழகிக்கொண்டார்கள். ஊரில் கல்யாணத் தேதியும் நேரமும் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு அவர்கள் குளித்தார்கள், புதுச் சட்டை போட்டார்கள், அத்தர் தடவினார்கள், உடுத்தியிருந்த கைலியை மாற்றிவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒட்டகப் பண்ணையின் நடுவில் ஒருவர் நின்றதாகவும், அவருடைய முதலாளி இன்றைக்கு என்ன பெருநாள் என்று கேட்டதாகவும் சேதி வந்தது. ஹாஜராவின் இரண்டாவது மகள் கல்யாணத்துக்குச் சுல்தான் அந்தப் புதுச் சட்டையில் வந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

தூரத்தில் இருந்தவர்கள்தான் வந்தார்கள் என்றில்லை. கச்சேரித் தெரு ஹமீதா தன் தங்கையோடு பதினாறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாதவள், தங்கை மகன் கல்யாணத்துக்கு அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள், படத்தில் பார்த்தால் கூடத்து மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கல்யாண வீட்டு வெற்றிலையை நரம்பு கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த தங்கை ஒரு தூக்குவாளியில் கறியும் சோறும் வைத்து அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வாளி கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது.

ஆனால் மௌத்தானவர்கள், இறந்துபோனவர்கள், வரவில்லை. அதையும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேலத்தெருவில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அண்ணன், கத்தாரில் இருந்தவன், கட்டாயம் வருவான் என்று படம் முழுக்கத் தேடினார்கள், அவன் இல்லை, வேலையாக இருந்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாம் நாள் சேதி வந்தது, கல்யாணத்துக்கு முந்தின நாளே சாலை விபத்தில் போய்விட்டான் என்று. அதில் இருந்து எங்களுக்குப் படம் பார்ப்பதில் ஒரு நடுக்கம் வந்துவிட்டது. வந்தவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம், வராதவர் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லமாட்டோம். வரவில்லையென்றால் வர மனசில்லை, இல்லாவிட்டால் ஆளே இல்லை, இந்த இரண்டில் ஒன்றுதான். எதைக் கேட்க ஒரு பெண்ணுக்குத் தைரியம் வரும்?

அதனால் நுஸ்ரத்துக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை ஃபைரோஸ் உள்ளூர்ப் பையன், பஸ் நிலையத்துக்கு எதிரில் மருந்துக் கடையில் இருக்கிறவன். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான், அதனால் மர்ளியா மாடியில் ஓர் அறைக்கு வெள்ளையடித்தாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள், எல்லாம் சந்தோஷமாகத்தான் செய்தாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அலமாரியின் அடியில் இருந்து பழைய டேப் கேமராவை வெளியே எடுத்துத் துடைத்தாள். தூத்துக்குடியில் சொல்லிவைத்து ஐந்து கேசட் வாங்கி வந்திருந்தாள். நுஸ்ரத் அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுல எதுக்கும்மா எடுக்கறீங்க?"

"இது எனக்குக் கை பழகினது."

"பொய் சொல்லாதீங்க. வாப்பா வரலைன்னு தெரிஞ்சிடும்னுதானே?"

மர்ளியா கொஞ்ச நேரம் லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒம்பது வருஷமாத் தெரியாமலேதான் இருக்கேன். அது எனக்குப் பழகிப்போச்சு. உன் கல்யாணத்தன்னிக்கு அதை ஏன் மாத்தணும்?" என்றாள்.

உம்மா எந்தக் கேமராவையும் எடுக்க வேண்டாம் என்று நுஸ்ரத் சொன்னாள். தூத்துக்குடியில் இருந்து வேறு ஒரு பெண்ணைக் கூப்பிடுவோம், டேப்போ டிஸ்க்கோ அவள் எடுத்துக்கொள்ளட்டும், உம்மா அன்றைக்குத் தன் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்றாள். மர்ளியா சரி என்றுதான் சொன்னாள். ஹாஜரா அவளுக்குப் பாக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்துக்கொடுத்தாள். தூத்துக்குடிப் பெண்ணிடமும் பேசியாகிவிட்டது. ஆனால் கல்யாணத்தன்று காலையில், அந்தப் பெண் வந்து சேர்ந்து கேமராவைப் பையில் இருந்து எடுக்கும்போது, மர்ளியா அவளுக்குச் சாயா கொடுத்து, நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்து, நீ விருந்தாளியாக இரு என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கட்டியிருந்த பட்டுப்புடவையைக் கழற்றி மடித்து வைத்தாள். வழக்கமாக வேலைக்குக் கட்டுகிற பழுப்பு நிற வாயில் புடவையைக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, டேப் இல்லாத கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் வருவதாக இருந்தால் வேறு ஒருத்தி கண் வழியாக வரக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதைப் பிற்பாடுதான் எங்களிடம் சொன்னாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆண்கள் பக்கத்தில் நிக்காஹ் ஓதி முடிந்த சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது, மாப்பிள்ளையின் அக்கா கருகமணியோடு உள்ளே வந்தாள், நாங்கள் எழுந்து நின்றோம். பெரிய நாற்காலியில் நுஸ்ரத் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒருவர் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது, அதில் அவள் இடது கையை ஊன்றி வைத்திருந்தாள். யார் போய் உட்காரப் பார்த்தாலும், இது உம்மாவுக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். "உம்மா, கேமராவை வச்சிட்டு வாங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். மர்ளியா வருகிறேன், இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மகளை எடுத்துவிட்டு வாசலை எடுத்தாள், வாசலை எடுத்துவிட்டுத் தூண்களை எடுத்தாள், சமையல்கட்டுப் பக்கம் எடுத்தாள், மாடிப்படி எடுத்தாள், ஒருவர் வந்து நின்றால் எங்கெல்லாம் நிற்பாரோ அங்கெல்லாம் திருப்பித் திருப்பி எடுத்தாள். கருகமணி ஏறியபோது அவள் மகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கேமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். சகன்கள் வந்தன, வராதவர்களின் சகன் வந்தது, நுஸ்ரத்தின் பக்கத்து இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது, சாப்பிட எழுந்திருக்கும்போதுதான் அவள் அந்தக் கையை எடுத்தாள்.

மறுநாள் மர்ளியா கேமராவைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டு, எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது, நீங்கள் பாருங்கள் என்று உள்ளே போய்விட்டாள். எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் பார்த்தோம். அபூசாலி ஜுபைலில் இருந்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். ஃபைரோஸின் பெரியப்பா வந்திருந்தார். சுல்தான்கூட வந்திருந்தார், அடுத்த வீட்டுக் கல்யாணம் என்பதால். சகனைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள். ஜவாஹிர் இல்லை.

சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி மறுபடி போட்டோம். ஏழு மணி நேரப் படம். அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை வரை பார்த்து, அடுத்த நாள் விட்ட இடத்தில் இருந்து பார்த்து, அதற்கடுத்த நாளும் பார்த்தோம். ஆளுக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டோம், ஜமீமா வாசலைப் பார்த்தாள், ஹாஜரா தூண்களைப் பார்த்தாள், பேச்சு வார்த்தை திரும்பிவிட்ட ஹமீதாவும் அவள் தங்கையும் ஒட்டி உட்கார்ந்து மாடிப்படியைப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும் வரை பார்த்தோம். மர்ளியா எங்களுக்குச் சாயா கொண்டுவந்து வைப்பாள், டிவி பக்கம் திரும்பாமல் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போவாள். மூன்றாம் நாள் ஹாஜராவால் தாங்க முடியவில்லை. இரண்டாவது தூணுக்குப் பின்னால் ஒரு கை தெரிகிறது, மணிக்கட்டில் கயிறு கட்டின கை, அது ஜவாஹிருடைய கைதான் என்று சத்தமாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். அங்கே கையும் இல்லை, கயிறும் இல்லை.

மர்ளியா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹாஜராவின் தோளில் கை வைத்தாள்.

"அவங்க வரலை. தேடாதீங்க," என்றாள். "ஒண்ணு ஆளே இல்லை. இல்லாட்டி வர மனசில்லை. எதுவா இருந்தாலும் நான் வாசலைப் பார்த்தது போதும்."

அவள் குரல் உடையவில்லை. நாங்கள்தான் அழுதோம். ஹாஜரா படத்தை நிறுத்தப் போனாள், அவளுக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை, படம் ஓடிக்கொண்டே இருந்தது, கருகமணி கட்டுகிற இடம் வந்தது.

அப்போது நுஸ்ரத், புதுப்பெண் என்பதால் எங்களுக்குப் பின்னால் கதவோரம் நின்றவள், "நிறுத்தாதீங்க மாமி" என்றாள்.

மூன்று நாளாக நாங்கள் வாசலையும் தூணையும் படியையும் பார்த்தோமே தவிர மணப்பெண் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எங்களுக்கு வித்தியாசமாக ஒன்றும் தோன்றியிருக்காது. மகள் கழுத்தில் கருகமணி ஏறும்போது பக்கத்தில் தாய் உட்கார்ந்திருப்பது எந்தக் கல்யாணத்திலும் இருப்பதுதான். அந்த இடம் காலியாக இருந்தது என்பதைக் கையை ஊன்றி வைத்திருந்தவள் மட்டும்தான் மறக்கவில்லை.

"உம்மா, இங்க பாருங்க. நீங்க வந்திருக்கீங்க."

மர்ளியா திரும்பிப் பார்த்தாள். டிவியில் அவள் இருந்தாள். அதே பழுப்புப் புடவை, அதே இடுப்பில் செருகிய முந்தானை, வேலை செய்த வியர்வை நெற்றியில். நுஸ்ரத்தின் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, நாற்காலியின் காலி இடம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் யாரோ வந்தார்கள், திரை விலகியது, எல்லோருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் திரும்பவில்லை. மகளின் கழுத்தில் கருகமணியில் சிக்கிக்கொண்ட ஒரு முடியை விரலால் எடுத்துவிட்டாள்.

நாங்கள் அவளைப் பார்ப்பதா டிவியைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தோம். மர்ளியா மெதுவாக வந்து பாயில் உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளில் அவள் உட்கார்ந்ததை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். நுஸ்ரத்தும் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

படத்தில், எல்லோரும் துஆவுக்குக் கை ஏந்தி ஆமீன் சொல்லி முடித்த பிறகு, மணப்பெண் தலையைச் சாய்த்துத் தாயின் காதில் ஏதோ சொன்னாள். சொல்லச் சொல்ல மர்ளியாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஜவாஹிர் போனதில் இருந்து அவள் அப்படிச் சிரித்து எங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. படம் எடுக்கிறவளாக அவள் எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள், இப்படிப் பாருங்கள், அப்படி நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"என்ன சொன்னே?" என்று மர்ளியா கேட்டாள்.

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் பக்கத்துல இல்லையே. சொல்லணும்னு நினைச்சேன்."

"என்ன நினைச்சே?"

நுஸ்ரத் எங்களைச் சுற்றிப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்துவிட்டது. பிறகு தலையைச் சாய்த்து, தாயின் காதருகில் கையை மறைவாக வைத்துக்கொண்டு சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். மர்ளியா முதலில் டிவியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள், பிறகு அதில் இருந்து கண்ணை எடுத்து மகள் முகத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. டிவியில் சகன்கள் வந்துவிட்டன, வராதவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள், அதை ஒருவரும் பார்க்கவில்லை. பாயில் தாயும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள், நிறுத்தினார்கள், முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி சிரித்தார்கள்.

அது என்ன என்று ஹாஜரா மட்டும் கேட்டாள். அன்றைக்கும் கேட்டாள், அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டாள். இரண்டு பேரும் சொல்லவில்லை.